யாருடைய ஸ்பனர் இது?

சித்தப்பா கராஜை மூடின அன்று தன்னுடைய டூல்ஸ் பெட்டியை எங்கள் வீட்டு விறாந்தையில் கொண்டுவந்து வைத்தார். “வேணுமெண்டதை எடு, மிச்சத்தைப் பழைய இரும்புக்குக் குடுப்பம்” என்றார். நான் எடுத்தது இரண்டே இரண்டு சாமான். ஒன்று, கட்டைவிரலால் சில்லை உருட்டி வாயைக் கூட்டிக் குறைக்கிற அட்ஜஸ்டபிள் ஸ்பனர். மற்றது, கடித்தால் விடாத வைஸ்-கிரிப்.

எடுத்த கையோடு ஒரு பிழையும் விட்டேன். கிணற்றடிப் பம்பில் ஒரு நட்டு இறுகிப்போய்க் கிடந்தது. வைஸ்-கிரிப்பைப் போட்டு இழுத்தேன். நட்டு அசையவில்லை, அதின்ர ஆறு மூலையும் சீவுப்பட்டு உருண்டையாகிப் போனதுதான் மிச்சம். சித்தப்பா வந்து பார்த்தார். “அது நட்டுக் கழட்டுற சாமான் இல்லையடா. கழராத நட்டைக் கழட்டுற சாமான். ரெண்டும் வேற.”

அன்றிரவு வெட்கத்தோடு இரண்டையும் மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்தேன். ஸ்பனரில் எழுத்து ஒன்றும் மிச்சமில்லை, தேய்ந்துவிட்டது. வைஸ்-கிரிப்பின் பிடியில் மட்டும் ஊர் பேர் தெரிந்தது: டிவிட், நெப்ராஸ்கா. அமெரிக்காவின் நடுவில், சோளக் காணிகளுக்குள் இருக்கிற ஒரு சின்னக் கிராமம். அங்கேயிருந்து இந்தச் சாமான் எப்படி எங்கட கிணற்றடிக்கு வந்தது என்ற கேள்விதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். தேடப்போனால் வைஸ்-கிரிப்பை விட ஸ்பனரின் கதை இன்னும் சிக்கலாக இருந்தது. அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

முதலில் பேரைப் பாருங்கள். பிரான்ஸில் இந்த ஸ்பனருக்குப் பெயர் ‘இங்கிலிஸ் திறப்பு’. ஸ்பெயின், இத்தாலி, போர்த்துக்கல் எல்லா இடமும் அப்படித்தான். டென்மார்க்கில் ‘சுவீடன் திறப்பு’. பல்கேரியாவில் ‘பிரெஞ்சுத் திறப்பு’. ஈரானில் ‘ஆச்சார்-இ-ஃபிரான்சே’, அதாவது பிரெஞ்சு ஸ்பனர் (ஆச்சார் எண்டவுடனே எங்கட அச்சாறை நினைக்காதேங்கோ, பாரசீகத்தில் ஸ்பனருக்கே அதுதான் சொல்). ஜெர்மன்காரர் ஒரு வகையை ‘இங்கிலிஸ்காரன்’ என்கிறார்கள், இன்னொரு வகையை ‘பிரெஞ்சுக்காரன்’ என்கிறார்கள். ஒவ்வொரு நாடும் அதை இன்னொரு நாட்டின் தலையில் கட்டுகிறது. எங்கேயோ வெளியிலிருந்து வந்த சாமான் என்ற நினைப்பு எல்லா இடத்திலும் இருந்திருக்கிறது.

அப்படியென்றால் கண்டுபிடித்தது யார்? ஒரு ஆளைக் காட்ட ஏலாது என்பதே நேர்மையான பதில். இங்கிலாந்தில் குளொஸ்டர்ஷயர் பகுதியில் 1840களின் தொடக்கத்தில் இரண்டு பேரின் பெயர் அடிபடுகிறது. ஒருவர் ரிச்சர்ட் கிளைபர்ன். மற்றவர் எட்வின் பட்டிங். 1830இல் புல் வெட்டும் இயந்திரத்தைக் கண்டுபிடித்த அதே பட்டிங்தான். அதே காலத்தில் அட்லாண்டிக்கின் அந்தப் பக்கம், மசசூசெட்ஸில், சொலிமன் மெரிக் 1835இலும் லோரிங் கோஸ் 1841இலும் காப்புரிமை எடுத்திருக்கிறார்கள். கோஸின் வேலை கெட்டிக்காரத்தனமானது. அதற்கு முந்தியவற்றில் வாயைச் சரிப்படுத்த இரண்டு கையும் வேண்டும். அவர் திருகாணியைக் கைபிடிக்குப் பக்கத்தில் கொண்டுவந்து, பிடித்திருக்கிற கையின் கட்டைவிரலாலேயே உருட்டும்படி செய்தார். பட்டறைக்குள் மற்றக் கையால் வேறு எதையோ தாங்கிக்கொண்டு நிற்பவருக்குத்தான் அதின்ர அருமை தெரியும்.

ஏன் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் இந்த யோசனை வந்தது? அந்தக் காலத்து நட்டு ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவு. ஒரு பட்டறையில் செய்த போல்ட் அடுத்த பட்டறையின் நட்டுக்குள் போகாது. நட்டு உடைந்தால் கொல்லனிடம் போய் அடித்து வாங்கவேண்டும், அது பழைய அளவில் வரும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. 1841இல்தான் ஜோசப் விட்வர்த் இங்கிலாந்தில் எல்லோருக்கும் ஒரே புரி இருக்கவேண்டும் என்று 55 பாகைக் கோணத்தில் ஒரு நியமத்தை முன்வைத்தார். 1864இல் அமெரிக்காவில் வில்லியம் செல்லர்ஸ் 60 பாகையில் வேறொன்றை முன்வைத்தார். அந்த 5 பாகை வித்தியாசம் இரண்டாம் உலகப்போரில் நேச நாடுகளின் பட்டறைகளைப் படாதபாடு படுத்தியது. பிரித்தானியாவும் அமெரிக்காவும் கனடாவும் 1948இல்தான் ஒரு பொதுப் புரிக்கு ஒத்துக்கொண்டன. உலகம் ஒழுங்காக இல்லாத இடத்தில் வேலை செய்கிறவருக்காகப் பிறந்த சாமான் இந்த ஸ்பனர்.

இந்தக் குழப்பத்தை எங்கட ஊரும் நல்லாய்ப் பார்த்தது. 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் மண்ணெண்ணெயில் ஓடின ஒஸ்டின், மொறிஸ் கார்களின் நட்டுகள் எல்லாம் அங்குல அளவு. பக்கத்தில் நிற்கிற ஜப்பான் மோட்டார்சைக்கிள் மில்லிமீற்றர். அரை அங்குல நட்டுக்கு 13 மில்லிமீற்றர் ஸ்பனர் போகும், 0.3 மில்லிமீற்றர்தான் இடைவெளி, சமாளிக்கலாம். மற்ற அளவுகள் எல்லாம் அப்படிப் பொருந்திவராது. இரண்டு செட்டும் வாங்க வசதியில்லாதவரின் பெட்டியில் ஒரேயொரு அட்ஜஸ்டபிள் ஸ்பனர் கிடக்கும். நல்ல மெக்கானிக்மார் அதைக் கண்டால் முகம் சுளிப்பார்கள், “நட்டைத் தின்னி” என்பார்கள். அவையள் சொல்றது சரிதான். ஆனால் முழு செட் வைத்திருக்கிறவரின் நியாயம் அது.

(ஒரு பயனுள்ள விசயம்: இழுக்கும்போது பாரம் அசையாத தாடையில் விழவேண்டும். அதாவது அசைகிற தாடை இருக்கிற பக்கம் நோக்கி ஸ்பனரைச் சுழற்றவேண்டும். எதிர்ப்பக்கம் இழுத்தால் வாய் விரியும், நட்டு வழுக்கும், விரல் முட்டி தோல் உரியும். இதை ஒரு பள்ளிக்கூடத்திலும் எனக்குச் சொல்லித் தரவில்லை.)

கோஸ் செய்த வகைக்கு இங்கிலிஸில் ‘குரங்கு ரென்ச்’ என்று பெயர். இந்தப் பெயரைச் சுற்றி இரண்டு கட்டுக்கதை ஓடுகிறது. முதலாவது, சார்ள்ஸ் மங்கி என்று ஒருவர் கண்டுபிடித்தார், அவரின் பெயர்தான் இது என்பது. இரண்டாவதுதான் இப்போது போனுக்குப் போன் பறக்கிறது: கறுப்பினக் குத்துச்சண்டை வீரர் ஜாக் ஜோன்சன் இதைக் கண்டுபிடித்தார், வெள்ளையர்கள் அவரை இழிவுபடுத்தவே அதற்குக் குரங்கின் பெயரை வைத்தார்கள் என்பது.

இரண்டாவது கதையில் பாதி உண்மை இருக்கிறது. அதனால்தான் பொய்யான பாதியும் சேர்ந்து ஓடுகிறது. ஜோன்சன் 1908இல் சிட்னியில் டொமி பேர்ன்ஸைத் தோற்கடித்து உலக அதிபாரக் குத்துச்சண்டைப் பிரிவின் முதல் கறுப்பினச் சம்பியன் ஆனவர். வெள்ளைப் பெண்களோடு பழகினார் என்பதுதான் அவருடைய உண்மையான ‘குற்றம்’. அதற்காக 1913இல் ஒரு சட்டத்தை வளைத்துத் தண்டித்தார்கள். வெளிநாட்டில் அலைந்து, திரும்பி வந்து, 1920-21இல் லெவன்வேர்த் சிறையில் இருந்தார். 1922 ஏப்ரலில் ஒரு ரென்சுக்கு அவர் பெயரில் காப்புரிமை கிடைத்தது. அது நிச்சயமான பதிவு. ஆனால் ‘குரங்கு ரென்ச்’ என்ற சொல் 1878இல் அவர் பிறப்பதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே அச்சில் இருக்கிறது. சார்ள்ஸ் மங்கியின் கதையும் இந்த இடத்திலேயே விழுந்துவிடுகிறது.

இதில் எனக்கு ஒரு கோபம் உண்டு. ஜோன்சனுக்கு நடந்த அநியாயம் சோடனை தேவையில்லாத அளவு பெரியது. அமெரிக்கா அவருக்கு மன்னிப்பு வழங்கியதே 2018இல்தான். அவரின்ர சொந்த ரென்சை, அவர் தன் மூளையால் வரைந்ததை, ஒருத்தரும் பார்ப்பதில்லை. அவர் செய்யாத ஒன்றுக்காக அவரைப் புகழ்ந்துகொண்டிருக்கிறோம்.

குழாய் ரென்சுக்கு வருவோம். இது நட்டுக்கானது இல்லை. வழவழப்பான உருண்டைக் குழாயில் பிடிக்க மூலையே கிடையாது. டானியல் ஸ்டில்சன் அமெரிக்க உள்நாட்டுப் போரில் கடற்படையில் இருந்தவர், பிறகு பொஸ்டன் பக்கம் வோல்வேர்த் என்ற கொம்பனியில் மெக்கானிக். அவர் மரத்தில் ஒரு மாதிரி செதுக்கிக் காட்டினார் என்றும், இரும்பில் செய்துகொண்டுபோய் ஒன்றில் குழாயை முறி, இல்லையென்றால் ரென்சை முறி என்று முதலாளிமார் சொன்னார்கள் என்றும் கதை. முறிந்தது குழாய். 1869இல் காப்புரிமை. கொம்பனிக்கு அதை அவர் ஒரேயடியாக விற்கவில்லை, உரிமப் பணம் வாங்கினார். வாழ்நாளில் 80,000 டொலர் அளவில் கிடைத்ததாகச் சொல்கிறார்கள். ஒரு தொழிலாளிக்கு அந்தக் காலத்தில் அது கனவு.

ஸ்டில்சனின் தந்திரம் என்னவென்றால், மேல்தாடையை ஆட்டமுள்ளதாகவே விட்டுவிட்டார். மற்றவர்கள் ஆட்டத்தைக் குறைக்கப் பாடுபட, இவர் அதையே வேலைக்கு வைத்தார். பிடியை இழுக்க இழுக்கத் தாடை சரிந்து, பற்கள் குழாயை இன்னும் ஆழமாகக் கடிக்கும். எதிர்ப்பக்கம் இழுத்தால் உடனே விட்டுவிடும். எங்கட ஊரில் குழாய்க் கிணறு அடிக்கிற ஆட்களின் கையில் இருப்பது இன்றைக்கும் அதே வடிவம்தான்.

இனி சுவீடன்காரர். யோஹான் பெட்டர் யோஹான்சன் 1853இல் ஒரு ஏழைக் குத்தகைக் குடும்பத்தில் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். முற்சேற்றுக்கரி ஆலையில் நீராவி எஞ்சினுக்கு உதவியாள், ரயில் பாதைக் கூலி, பட்டறைத் தொழிலாளி என்று அலைந்து, 1886இல் என்கோப்பிங் நகரத்தில் ஒரு சின்னப் பட்டறை போட்டார். திருத்த வேலைக்குப் போகும்போதெல்லாம் ஒரு பாரம் ஸ்பனர் காவவேண்டியிருந்ததுதான் அவரை யோசிக்க வைத்தது. 1888இல் குழாய்ப் பிடி ஒன்றுக்கும், 1890களின் தொடக்கத்தில் இன்று நாங்கள் எல்லோரும் கையில் வைத்திருக்கிற ஸ்பனருக்கும் காப்புரிமை எடுத்தார்.

அவர் மாற்றியது என்ன? பழைய குரங்கு ரென்ச் பார்வைக்குச் சுத்தியல் மாதிரி. தாடைகள் கைபிடிக்குக் குறுக்காக நீட்டிக்கொண்டு நிற்கும், ஒடுங்கின இடத்துக்குள் போகாது. யோஹான்சன் வாயைக் கைபிடியின் நுனிக்குக் கொண்டுபோய், தலையை மெல்லிதாக்கினார். அசையும் தாடையின் அடியில் பற்கள். அந்தப் பற்களில் உருளுகிற புரிச் சில்லு. சில்லைச் சுற்றினால் தாடை நகரும். ஆனால் தாடையை எவ்வளவு தள்ளினாலும் சில்லு சுற்றாது, புரியின் சரிவு அவ்வளவு குறைவு. ஒரு பூட்டும் இல்லாமல் பூட்டிக்கொள்கிற வேலை அது.

தலை கொஞ்சம் சரிந்திருப்பதைக் கவனித்திருப்பீர்கள். அது அழகுக்கு இல்லை. இன்றைய சுவீடன் வகையில் சரிவு 15 பாகை. ஆறு மூலை நட்டு 60 பாகைக்கு ஒருமுறை பழைய கோலத்துக்கு வரும். ஸ்பனரைக் குப்புறப் பிரட்டிப் போட்டால் கைபிடி 30 பாகை தள்ளி நிற்கும். ஆக, 30 பாகை அசைக்க இடமிருந்தால் போதும், பிரட்டிப் பிரட்டிக் கழட்டலாம். நியூயோர்க் மாநிலத்து ஜேம்ஸ்டவுனில், சுவீடன் குடியேறிகள் நிறைந்த ஊரில், 1907இல் தொடங்கின கிரெசன்ட் கொம்பனியின் ஸ்பனரில் அது 22.5 பாகை. நாலு மூலை நட்டுக்கு அது கணக்காகப் பொருந்தும்: பிரட்டினால் 45, அதாவது 90இன் பாதி. வீட்டில் ஸ்பனர் இருந்தால் ஒரு நட்டில் வைத்துப் பிரட்டிப் பாருங்கள், வாசிக்கிறதைவிட லேசாக விளங்கும்.

யோஹான்சனின் சாமான்களை உலகம் முழுக்கக் கொண்டுபோனது பி. ஏ. ஹ்யோர்ட் என்பவரின் வியாபாரம். அந்தப் பெயரின் சுருக்கம்தான் ‘பாக்கோ’. அதே ஹ்யோர்ட் விற்ற இன்னொரு சுவீடன் சாமான் எங்கட அம்மம்மாமாருக்குத் தெரியும்: பம்ப் அடித்துப் பற்றவைக்கிற பிரைமஸ் மண்ணெண்ணெய் அடுப்பு. 100க்கு மேற்பட்ட காப்புரிமைகளை எடுத்த யோஹான்சன் 1943இல் 89 வயதில் இறந்தார். அவருடைய வகை ஸ்பனர் 10 கோடிக்கு மேல் செய்யப்பட்டுவிட்டது. காப்புரிமைக் காலம் முடிந்தபிறகு மற்றவர்கள் செய்தவை எத்தனை என்று எண்ணவே ஏலாது. சித்தப்பாவின் ஸ்பனரில் எழுத்துத் தேய்ந்துபோனதால் அது எந்தப் பரம்பரை என்று சொல்ல வழியில்லை. தலைச் சரிவை மட்டும் பாகைமானியால் அளந்தேன், 15தான் வந்தது.

இந்த நூற்றைம்பது வருசத்தில் விசித்திரமான பிறவிகளும் ஏராளம். எஸ் எழுத்து மாதிரி உடம்பை வளைத்த ஸ்பனர். தச்சனின் துளைக் கருவியின் வளைபிடிக்குள்ளேயே ஸ்பனரை ஒளித்துவைத்த நியூஆர்க் நகரத்து லோவென்ட்ராட்டின் கூட்டுக் கருவி. பழைய மோட்டார்சைக்கிள் பிரியர்கள் தேடித் திரிகிற பேர்மிங்காம் ‘கிங் டிக்’ ஸ்பனர். ராசா ஒருவரின் பெயர் என்று நினைத்தேன், பார்த்தால் ஒரு புல்டோக் நாயின் பெயர். பெரும்பாலானவை செத்துப்போயின. இரண்டு வேலையை ஒரு சாமானில் அடைத்தவை இரண்டையும் அரைகுறையாகச் செய்தன.

வைஸ்-கிரிப் அப்படி இல்லை. வில்லியம் பீட்டர்சன் டென்மார்க்கிலிருந்து போய் டிவிட்டில் குடியேறின கொல்லர். கொல்லனின் பிரச்சினை நித்தமும் ஒன்றுதான்: வேலை செய்ய இரண்டு கை வேண்டும், இரும்பைப் பிடித்துக்கொள்ள மூன்றாவது கை வேண்டும். குறட்டால் பிடித்தால் கை களைக்கும், களைத்தால் இரும்பு நழுவும். பீட்டர்சன் 1921இல் ஒரு வடிவத்துக்குக் காப்புரிமை எடுத்தார், அது முழுசாய்ச் சரிவரவில்லை. 1924இல் தானே பூட்டிக்கொள்கிற வடிவம் வந்தது.

அது எப்படிப் பூட்டுகிறது? எழும்பி நின்று பாருங்கள். முழங்கால் கொஞ்சம் மடங்கியிருந்தால் தசைதான் உடம்பைத் தாங்கவேண்டும், கெதியாய்க் களைத்துவிடும். காலை நேராக்கி, இன்னும் ஒரு நூல் பின்னுக்குத் தள்ளினால் முழங்கால் பூட்டுப்படும். பிறகு எவ்வளவு நேரமும் நிற்கலாம். வைஸ்-கிரிப்பின் இரண்டு பிடிக்கும் நடுவில் ஒரு சின்னத் தண்டு இருக்கிறதல்லவா, அதுதான் முழங்கால். பிடியை அமத்தும்போது மூன்று மூட்டும் ஒரே கோட்டுக்கு வரும். இன்னும் கொஞ்சம் அமத்தினால் கோட்டைத் தாண்டி ‘டக்’ என்று விழும். அதுக்குப் பிறகு தாடை திறக்கப் பாடுபடப் பாடுபட, மூட்டு இன்னும் உள்ளுக்குத்தான் போகும். பிடியின் அடியில் இருக்கிற திருகாணி, எந்த அளவுச் சாமானில் அந்த ‘டக்’ விழவேண்டும் என்று தீர்மானிக்கிறது. ஸ்டில்சனின் ரென்ச் இழுக்கும்வரைதான் கடிக்கும். இது கையை எடுத்தாலும் கடித்தபடி நிற்கும்.

பீட்டர்சன் அதைத் தன் உலையில் கையால் அடித்துச் செய்து, காரின் டிக்கியில் போட்டுக்கொண்டுபோய் விவசாயிகளுக்கும் மெக்கானிக்மாருக்கும் விற்றார். 1934இல் குடும்பக் கொம்பனி. 1938இல் டிவிட்டில் 37 பேரோடு ஆலை. போர்க்காலத்தில் ஆயுத, விமானத் தொழிற்சாலைகள் வாங்கின. 1957இல் ஒரு விரலால் தட்டி விடுவிக்கிற சின்ன நெம்பு சேர்ந்தது. (1955இல் பிரித்தானியாவில் தோமஸ் கோட்ரி இதே யோசனையில் ஒன்றைச் செய்து, தான் நடத்தின மோல் கொம்பனியின் பேரில் விற்றார். அங்கே இன்றைக்கும் ‘மோல் கிரிப்’ என்றால்தான் விளங்கும்.)

600 பேர் கூட இல்லாத டிவிட்டில், சுற்றுவட்டாரம் எல்லாம் சேர்த்து 300க்கு மேற்பட்டோருக்கு அந்த ஆலையில் வேலை இருந்தது. பிறகு கொம்பனி குடும்பத்தின் கையைவிட்டுப் போய், பெரிய முதலாளிமாரிடம் கைமாறியது. 2008 ஒக்டோபர் 31ஆம் திகதி ஆலையை மூடி, உற்பத்தியைச் சீனாவுக்குக் கொண்டுபோனார்கள். பெயர் போனது, அச்சுகள் போயின. வேலை தெரிந்த கைகள் மட்டும் ஊரிலேயே நின்றன. சில வருசம் கழித்து மினசோட்டாவின் மால்கோ என்ற கொம்பனி அந்த வெற்றுக் கட்டடத்தை வாங்கி, வேறு பெயரில் அதே மாதிரிக் குறடு செய்யத் தொடங்கியது. அதுவும் நீடிக்கவில்லை, விலையில் போட்டி போட முடியவில்லை. அதன்பிறகு ஸ்னாப்-ஒன் அதை எடுத்துக்கொண்டது.

சீனாவில் செய்ததெல்லாம் குப்பை என்று சொல்ல நான் வரவில்லை. எங்கட கடைகளில் இருப்பதில் முக்கால்வாசி அங்கேயிருந்துதான் வருகிறது, அதுவும் இல்லையென்றால் எங்களில் பலருக்குச் சாமானே இல்லை. அங்கேயும் ஒரு டிவிட் இருக்கும், அதன் பெயரை மட்டும் யாரும் பிடியில் பொறிப்பதில்லை.

சித்தப்பாவின் வைஸ்-கிரிப்பில் விடுவிக்கிற நெம்பு இருக்கிறது. ஆகவே அது 1957க்குப் பிந்தியது. டிவிட் என்று பொறித்திருக்கிறது. ஆகவே 2008க்கு முந்தியது. அந்த 51 வருசத்துக்குள் எப்போது, யார் மூலம் வந்தது என்று அவரிடம் கேட்டேன். கொஞ்சநேரம் யோசித்தார்.

“ஒரு பழைய ட்ரக்டர் வாங்கேக்க, அதின்ர சீற்றுக்குக் கீழ கிடந்தது. ட்ரக்டர் போட்டுது. இது நிக்குது.”

பம்பின் உருண்டை நட்டை அவரே அந்த வைஸ்-கிரிப்பால் கழட்டித் தந்தார். இந்தமுறை அது செய்யவேண்டிய வேலையைச் செய்தது. புது நட்டு 17 மில்லிமீற்றர்.